பாதரசம் சுமந்த யூ-864

இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் ஒரே அளவுகோலையே கையாண்டுள்ளனர். ஒரு கப்பல் எத்தனை பகைக் கப்பல்களை மூழ்கடித்தது, அவற்றின் மொத்த எடை எத்தனை டன் என்ற கணக்கே அதன் தலைவனின் புகழையும் அதற்குக் கிடைக்கும் பக்கங்களின் எண்ணிக்கையையும் தீர்மானித்து வந்தது. அந்தக் கணக்கில் யூ-864 பெற்றது சுழி. 1943 டிசம்பர் 9 அன்று கடற்படைப் பணியில் சேர்க்கப்பட்டு, 1945 பிப்ரவரி 9 அன்று நார்வேயின் மேற்குக் கரையருகே அழிந்த இக்கப்பல், தன் பதினான்கு மாத வாழ்நாளில் பகைவரின் ஒரு படகைக்கூட மூழ்கடிக்கவில்லை. ஆயினும் அது அழிந்து எண்பது ஆண்டுகள் ஆன பின்னரும் ஒரு நாட்டின் அரசையும், கடலோர நிர்வாகத்தையும், ஒரு சிறு தீவின் மீனவர்களையும் விடாமல் அலைக்கழித்து வருகிறது. போர்க்களச் சாதனையைக் கொண்டு அளந்தால் புறக்கணிக்கத்தக்க இக்கப்பல், சுமந்து சென்ற சரக்கைக் கொண்டு அளந்தால் அக்காலத்து நீர்மூழ்கிகளுள் மிக நீண்ட வரலாறு உடையவற்றுள் ஒன்றாகிறது.

பிரேமன் நகரிலிருந்த வேசர் கப்பல் கட்டும் தளத்தில் 1942 அக்டோபரில் இதன் கட்டுமானம் தொடங்கியது. 1943 ஆகஸ்டில் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. ஜெர்மன் கடற்படை தன் நீர்மூழ்கிகளை எண்ணாலும் எழுத்தாலும் வகைப்படுத்தியிருந்தது. அட்லாண்டிக் கடலில் வணிகக் கப்பல் கூட்டங்களை வேட்டையாடிய ஏழாம் வகை அளவிற் சிறியது. ஒன்பதாம் வகை தொலைதூரப் பயணத்துக்காக வடிவமைக்கப்பட்டது. அதிலும் யூ-864 சேர்ந்திருந்த ‘ஒன்பது டி-இரண்டு’ என்னும் உட்பிரிவு, இந்தியப் பெருங்கடல் வரை சென்று திரும்புவதை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்டதாகும். ஏறத்தாழ 88 மீட்டர் நீளமும், நீரின் மேல் மிதக்கையில் 1,610 டன் எடையும் கொண்ட இவ்வகைக் கப்பல், மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் சென்றால் வழியில் எரிபொருள் நிரப்பாமலே 23,000 கடல் மைலுக்கு மேல் ஓடவல்லது. கடல் மைல் என்பது 1,852 மீட்டர் ஆகையால், அத்தொலைவு நிலவுலகின் சுற்றளவையும் விஞ்சியது. முன்புறத்தில் நான்கும் பின்புறத்தில் இரண்டுமாக ஆறு டார்பிடோக் குழாய்கள் இதில் இருந்தன. டார்பிடோ என்பது நீருக்குள்ளேயே தன் சொந்த விசையால் ஓடிச் சென்று இலக்கைத் தாக்கும் நீண்ட உருளை வடிவக் குண்டு. இவ்வகைக் கப்பல் 24 டார்பிடோக்களைச் சுமக்கவல்லது எனினும், யூ-864-இன் கதையில் அவற்றுக்கு வேலை எதுவும் இல்லை.

கப்பலின் பொறுப்பு ரால்ஃப் ரைமர் வோல்ஃப்ராம் என்னும் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. இவர் இதற்கு முன் யூ-108 என்ற கப்பலை ஏறத்தாழ ஓராண்டு நடத்தியவர். புதிய கப்பலும் புதிய மாலுமிகளும் 1944-ஆம் ஆண்டின் பெரும்பகுதியைப் பால்டிக் கடற்பகுதியில் பயிற்சியிலேயே கழித்தனர். பெரிய கப்பலுக்கு நீண்ட பயிற்சி தேவைப்பட்டது ஒரு காரணம். மற்றொரு காரணம் போரின் போக்கு. 1943 மே மாதத்தோடு அட்லாண்டிக் போர் ஜெர்மனியின் கையை விட்டு நழுவிவிட்டது. ரேடார் பொருத்திய விமானங்களும், துணைக் கப்பல்களின் பெருக்கமும், மறைகுறிச் செய்திகளின் உடைப்பும் சேர்ந்து, வேட்டையாடியவர்களை வேட்டையாடப்படுபவர்களாக மாற்றிவிட்டன. போரின் முடிவில் கணக்குப் பார்த்தபோது, ஜெர்மன் நீர்மூழ்கிகளில் கடலுக்குச் சென்ற மாலுமிகளுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் திரும்பவில்லை. அக்காலத்தின் எந்தப் படைப்பிரிவிலும் இத்தகைய இழப்பு விகிதத்தைக் காண்பது அரிது.

இந்நிலையில் பெரிய நீர்மூழ்கிகளுக்கு வேறொரு பயன் கண்டறியப்பட்டது. ஜெர்மனியும் ஜப்பானும் நேச உடன்படிக்கை செய்துகொண்ட நாடுகள் என்றாலும், அவற்றுக்கு இடையே சோவியத் ஒன்றியமும் பிரிட்டனின் கடலாட்சியும் குறுக்கே நின்றன. ஜப்பானிடம் மலேயாவின் ரப்பரும் வெள்ளீயமும், டங்ஸ்டனும், மலேரியா மருந்தான குவினைனும் இருந்தன. ஜெர்மனியிடம் பொறியியல் வரைபடங்களும், கருவிகளும், புதிய ஆயுதங்களும் இருந்தன. முதலில் முற்றுகையை ஊடுருவிச் செல்லும் வணிகக் கப்பல்கள் இப்பண்டமாற்றை நடத்தின. 1944-இன் தொடக்கத்தில் அவ்வழி அநேகமாக அடைபட்டுவிடவே, இரு நாடுகளும் நீர்மூழ்கிகளையே சரக்குக் கப்பல்களாக்கின. ஜப்பானியர் அனுப்பிய ஐந்து பெரிய நீர்மூழ்கிகளுள் ஐ-8 ஒன்றே ஐரோப்பா சென்று முழுமையாகத் தாயகம் திரும்பியது. ஐ-34 பினாங்குக்கு அருகிலும், ஐ-52 அட்லாண்டிக் நடுவிலும், ஐ-29 பிலிப்பைன்ஸ் நீர்ப்பரப்பிலும் மூழ்கடிக்கப்பட்டன. சுபாஷ் சந்திர போஸ் 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது இதே வழித்தடத்தில்தான். யூ-864-க்கு நெருங்கிய உறவான ‘ஒன்பது டி-ஒன்று’ பிரிவைச் சேர்ந்த யூ-180 அவரை மடகாஸ்கருக்கு அப்பால் கொண்டு சேர்க்க, அங்கு நடுக்கடலில் ரப்பர்ப் படகின் மூலம் ஐ-29-க்கு மாறி அவர் கிழக்கே சென்றார். பின்னர் மலேயாவின் தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் அவருடைய படையில் சேர்ந்ததை நினைத்தால், இந்த நீர்மூழ்கி வழித்தடம் தமிழர் வரலாற்றுக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

1944-இன் இறுதியில் ஜப்பானின் நகரங்கள் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் எல்லைக்குள் வந்துவிட்ட நிலையில், அந்நாட்டுக்கு உடனடித் தேவையாக இருந்தவை வேகமான இடைமறிப்பு விமானங்கள். ஜெர்மனியோ மெசர்ஷ்மிட் 262 என்னும் ஜெட் விமானத்தைப் போரில் இறக்கியிருந்தது. ஜெட் விமானத்தின் வரைபடங்களையும், எஞ்சின் பாகங்களையும், அவற்றை விளக்கக்கூடிய வல்லுநர்களையும் ஜப்பானுக்கு அனுப்பிவிட்டால், பசிபிக்கில் அமெரிக்காவின் படைபலம் மேலும் சிக்கிக்கொள்ளும். ஐரோப்பாவின் மேலான அழுத்தம் அதனால் சற்றுத் தளரும் என்று பெர்லினில் கணக்குப் போடப்பட்டது. அக்கணக்கின்படி உருவானதே ‘சீசர்’ என்று பெயரிடப்பட்ட நடவடிக்கை. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கப்பல் யூ-864. சோவியத் படை கிழக்கிலிருந்தும் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் மேற்கிலிருந்தும் ஜெர்மனியின் எல்லையைத் தொட்டுவிட்ட ஒரு நேரத்தில், பாதி உலகைச் சுற்றிப் பல மாதம் கழித்து ஜப்பானை அடையக்கூடிய ஒரு கப்பலை நம்பிப் போரின் போக்கைத் திருப்ப நினைத்தது, அந்த ஆட்சியின் கடைசிக் கட்டச் சிந்தனைக்கு நல்ல சான்று.

கப்பலில் மாலுமிகளைத் தவிர மெசர்ஷ்மிட் நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு ஜெர்மன் பொறியாளர்களும், டார்பிடோவிலும் எரிபொருளிலும் தேர்ந்த இரண்டு ஜப்பானிய வல்லுநர்களும் பயணிகளாக ஏறினர். மொத்தம் 73 பேர். இவர்களோடு ஏறிய சரக்குகளுள் எடையில் முதன்மையானது ஏறத்தாழ 67 டன் பாதரசம். அது 1,857 எஃகுக் குப்பிகளில் அடைக்கப்பட்டிருந்தது. பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தோடும் சாராயத்தோடும் வினைபுரியச் செய்து ஃபல்மினேட் என்னும் வெடியுப்பைப் பெறலாம். சிறு அடி பட்டாலே வெடித்துவிடும் அவ்வுப்பு, தோட்டாக்களிலும் பீரங்கிக் குண்டுகளிலும் முதல் தீப்பொறியை எழுப்பும் பற்றவைப்பானாகப் பயன்பட்டது. அந்தத் துளி உப்பு இல்லையேல் பெருங்குண்டும் வெறும் இரும்புத் துண்டே. ஜப்பானின் ஆயுதத் தொழிற்சாலைகள் பாதரசத்துக்காக ஜெர்மனியை எதிர்பார்த்திருந்ததன் காரணம் இதுதான்.

குப்பிகள் வைக்கப்பட்ட இடம் பின்னர் பெரும் சிக்கலுக்குக் காரணமானதால் அதைச் சற்று விரிவாகக் காணவேண்டும். கப்பலின் அடியில் முன்முனையிலிருந்து பின்முனை வரை ஓடும் முதுகெலும்பு போன்ற பகுதியைத் தமிழ்நாட்டுப் படகுத் தச்சர் ஏரா என்பர். நீர்மூழ்கிகளில் இந்த ஏரா உள்ளீடற்ற நீண்ட பெட்டியாக அமைக்கப்பட்டு, கப்பல் தலைகீழாகாமல் நிலைத்து நிற்பதற்காக ஈயமோ இரும்போ அடிப்பாரமாக அதனுள் அடுக்கப்பட்டது. நீரைக் காட்டிலும் பதின்மூன்றரை மடங்கு அடர்த்தியுள்ள பாதரசம், இரும்பையும் ஈயத்தையும்விடக் கனமானது. ஆகவே அடிப்பாரத்தை வெளியேற்றி அந்த இடத்தில் பாதரசக் குப்பிகளை அடுக்கிவிட்டால், சரக்கு ஏற்றவும் தனி இடம் வேண்டியதில்லை, கப்பலின் சமநிலையும் கெடுவதில்லை. பொறியியல் நோக்கில் இது சிக்கனமான ஏற்பாடு. ஆனால் கப்பல் உடைந்தால் முதலில் கடலடிச் சேற்றைத் தொடுவதும், மேலிருந்து எவரும் எளிதில் எட்ட முடியாததும் அந்த ஏராவே என்பதை அப்போது யாரும் பொருட்படுத்தியிருக்க வாய்ப்பில்லை.

யூ-864 1944 டிசம்பர் 5 அன்று கீல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. முதலில் தெற்கு நார்வேயிலுள்ள ஹோர்ட்டன் என்னுமிடத்தில் ஸ்நோர்க்கல் சோதனைகள் நடந்தன. நீர்மூழ்கியின் டீசல் எஞ்சின் இயங்கக் காற்று தேவை. ஆகையால் முந்தைய கப்பல்கள் மின்கலங்களை மின்னேற்றம் செய்ய நீரின் மேல் வந்தே தீரவேண்டியிருந்தது. ஸ்நோர்க்கல் என்பது நீருக்கு மேலே நீட்டப்படும் காற்றுக்குழாய். அதன் துணையால் கப்பல் சில மீட்டர் ஆழத்தில் மறைந்தவாறே டீசலை ஓட்டலாம். விமானங்களின் கண்ணிலிருந்து தப்ப இது பெரிதும் உதவியது. ஆனால் டீசலின் இரைச்சல் நீரில் நெடுந்தொலைவு பரவியது. அந்த இரைச்சலில் தன் கப்பலின் செவிப்பொறியும் செவிடாகிவிடும். சோதனை முடிந்து மேற்குக் கரையை ஒட்டிச் செல்லும் வழியில் கப்பலின் அடி தரை தட்டியது. பழுதைச் சரிபார்ப்பதற்காக அது 1945 ஜனவரித் தொடக்கத்தில் பெர்கன் நகரின் நீர்மூழ்கித் தளத்துக்குச் சென்றது.

பெர்கன் தளத்தின் கான்கிரீட் கொட்டில்களுக்கு ஜெர்மானியர் இட்ட பெயர் ‘புரூனோ’. பல மீட்டர் தடிமன் கூரை கொண்ட அக்கொட்டில்கள் நீர்மூழ்கிகளைக் காத்தன. அவற்றைச் சுற்றி வாழ்ந்த நார்வே மக்களைக் காக்கவில்லை. 1944 அக்டோபர் 4 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் தளத்தைக் குறிவைத்து வீசிய குண்டுகள் அருகிலிருந்த குடியிருப்பிலும் ஹோலன் பள்ளியின் மேலும் விழுந்ததில் 193 பொதுமக்கள் மாண்டனர்; அவர்களுள் 61 பேர் பள்ளிக் குழந்தைகள். 1945 ஜனவரி 12 அன்று, 32 லங்காஸ்டர் விமானங்கள் ஐந்து டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள ‘டால்பாய்’ குண்டுகளோடு மீண்டும் வந்து தாக்கின. யூ-864 இத்தாக்குதலில் அழியாமல் தப்பியது. ஆனால் பயணம் மேலும் தள்ளிப்போயிற்று. பிப்ரவரி முதல் வாரத்தில்தான் அது பெர்கனை விட்டு வெளியேற முடிந்தது.

இத்தனை தாமதங்களுக்கு இடையில் ஜெர்மன் தலைமையகத்துக்கும் கப்பலுக்கும் நடந்த வானொலிச் செய்திப் பரிமாற்றம் வேறு காதுகளையும் எட்டிக்கொண்டிருந்தது. ஜெர்மன் கடற்படை தன் செய்திகளை எனிக்மா என்னும் பொறியால் மறைகுறியாக்கி அனுப்பியது. விசையை அழுத்தும்தோறும் சுழலும் சக்கரங்களால் எழுத்துகளை மாற்றியமைக்கும் அப்பொறியை எவராலும் உடைக்க முடியாது என்றே பெர்லின் கடைசி வரை நம்பியது. லண்டனுக்கு வடக்கே பிளெட்ச்லி பார்க் என்னும் மாளிகையில் பிரிட்டன் அமைத்திருந்த மறைகுறி அலுவலகம் அச்செய்திகளைத் தொடர்ந்து படித்து வந்தது. ஜப்பானுக்குச் செல்லும் ஒரு சரக்கு நீர்மூழ்கி நார்வேக் கரையில் இருக்கிறது என்ற தகவல் கிடைத்ததும், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளிலுள்ள லெர்விக் தளத்திலிருந்து சென்ற வெஞ்சரர் என்னும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக்கு, பெர்கனின் வடமேற்கிலுள்ள ஃபெட்யே தீவின் கடற்பகுதியைக் கண்காணிக்குமாறு உத்தரவு போயிற்று.

வெஞ்சரர் யூ-864-ஐ விட மிகச் சிறியது. நீளம் ஏறத்தாழ 62 மீட்டர். மாலுமிகள் 37 பேர். முன்புறத்தில் மட்டும் நான்கு டார்பிடோக் குழாய்கள். மொத்தம் எட்டு டார்பிடோக்கள். அதன் தலைவர் ஜேம்ஸ் லாண்டர்ஸ் அப்போது 25 வயது இளைஞர். 1944 நவம்பரில் வட நார்வேக் கடலில் யூ-771 என்னும் ஜெர்மன் நீர்மூழ்கியை அழித்தவர். எனினும் அது நீரின் மேல் சென்றுகொண்டிருந்த கப்பல்.

வெஞ்சரர் காவல் பகுதியை அடைவதற்கு முன்பே யூ-864 அதைக் கடந்து சென்றுவிட்டது. அதாவது பிளெட்ச்லி பார்க்கின் உழைப்பு முழுதும் வீணாகியிருக்க வேண்டும். ஆனால் கப்பலின் டீசல் எஞ்சின்களுள் ஒன்று சரியாக எரியாமல் இடறி, பெரும் இரைச்சல் எழுப்பத் தொடங்கியது. அத்தகைய ஓசையோடு அட்லாண்டிக்கைக் கடப்பது தற்கொலைக்கு ஒப்பாகும் என்பதால் பெர்கனுக்கே திரும்ப முடிவாயிற்று. பிப்ரவரி 10 அன்று ஃபெட்யேயின் கலங்கரை விளக்கம் அமைந்த ஹெல்லிசோய் அருகே துணைக்கப்பல் வந்து அழைத்துச் செல்லும் என்ற செய்தியும் அனுப்பப்பட்டது. திரும்பி வந்த யூ-864 நேரே வெஞ்சரரின் காவல் பகுதிக்குள் நுழைந்தது. ஒரு கப்பலின் அழிவுக்கு மறைகுறி உடைப்பாளர் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி அந்தப் பழுதுபட்ட எஞ்சின்.

பிப்ரவரி 9 காலை ஒன்பதரை மணியளவில், வெஞ்சரரின் செவிப்பொறியில் அமர்ந்திருந்தவருக்கு மெல்லிய ஓசையொன்று கேட்டது. உள்ளூர் மீனவர் எவரோ தம் படகின் டீசல் எஞ்சினை ஓட்டுவது போலவே முதலில் அது தோன்றியது. நீருக்குள் ஒலியை அறிய அக்காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அஸ்டிக் எனப்பட்ட ஒலியலைக் கருவி. அது தானே ஓர் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளக்கும். ஆனால் அந்த ஒலி எதிரியின் காதிலும் விழும். மற்றொன்று ஹைட்ரோஃபோன் என்னும் வெறும் செவிப்பொறி. அது ஒலி வரும் திசையைச் சொல்லுமேயன்றித் தொலைவைச் சொல்லாது. லாண்டர்ஸ் அஸ்டிக்கைத் தொடவே இல்லை. திசையை மட்டும் கேட்டுக் கேட்டு, குறித்துக்கொண்டே பின்தொடர்ந்தார். பின்னர் பெரிஸ்கோப்பின் வழியே பார்த்தபோது நீருக்கு மேலே மெல்லிய கம்பம் ஒன்று தெரிந்தது. அது எதிரியின் பெரிஸ்கோப்பு என்று அவர் கருதினார், ஸ்நோர்க்கலாகவும் இருந்திருக்கலாம். எதுவாயினும், அது நீருக்கு மேல் நீட்டியிருந்த உயரத்தைக் கொண்டு கப்பல் எவ்வளவு ஆழத்தில் செல்கிறது என்பதை ஊகிக்க அவருக்கு அது போதுமானதாயிற்று.

அக்காலத்து டார்பிடோப் போரின் கணக்கு இரு பரிமாணக் கணக்கு. இலக்கு நீர்ப்பரப்பின் மேல் இருக்கும். அதன் திசையும் வேகமும் தொலைவும் தெரிந்தால் எந்தக் கோணத்தில் சுடவேண்டும் என்பதை ஒரு கணிப்பொறியும் வரைபலகையும் சொல்லிவிடும். இலக்கும் நீருக்குள் இருந்தால் ஆழம் என்னும் நான்காவது தெரியாப்பொருள் சேர்ந்துகொள்கிறது. அத்தகைய கணக்குக்கான கருவி எந்தக் கடற்படையிடமும் இல்லை. போதாக்குறைக்கு யூ-864 நேராகவும் செல்லவில்லை. தன்னை யாரோ தொடர்கிறார் என்ற ஐயத்தாலோ வழக்கமான எச்சரிக்கையாலோ, இடமும் வலமுமாக மாறி மாறி வளைந்து சென்றது. அந்த வளைவுகளே லாண்டர்ஸுக்கு உதவின என்பது இந்நிகழ்ச்சியின் வியப்பான பகுதி. தான் செல்லும் திசையையும் வேகத்தையும் அறிந்திருந்த அவர், எதிரியின் திசை மாறும் விதத்தை மணிக்கணக்கில் குறித்ததன் மூலம், வளைவுகளின் ஒழுங்கையும் அவற்றுக்கிடையிலான தொலைவையும் கணித்தார். எதிரி நீரின் மேல் வருவான், அப்போது சுடலாம் என்று அவர் காத்திருந்தது நடக்கவில்லை. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்த பின், மின்கலங்களின் திறனையும் எண்ணி, நீருக்குள்ளேயே தாக்குவதென்று முடிவு செய்தார்.

பகல் 12 மணி கடந்து 12 நிமிடம் ஆனபோது நான்கு குழாய்களிலிருந்தும் டார்பிடோக்கள் ஏவப்பட்டன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பதினேழரை நொடி இடைவெளி. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆழம். யூ-864-இல் இருந்தவர்கள் டார்பிடோக்களின் ஓசையைக் கேட்டுவிட்டனர். ஆனால் உடல் பெருத்த கப்பல் ஸ்நோர்க்கலை இறக்கி, டீசலை நிறுத்தி, மின்விசைக்கு மாறி ஆழத்துக்குத் திரும்புவதற்கு நேரம் பிடித்தது. முதல் மூன்று டார்பிடோக்களிலிருந்து அது விலகியது; விலகிய திசையிலேயே நான்காவது வந்துகொண்டிருந்தது. கப்பல் நடுவில் உடைந்து, இரண்டு பெருந்துண்டுகளாக 150 மீட்டர் ஆழத்தில் வீழ்ந்தது. 73 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இரண்டும் நீருக்குள் மூழ்கியிருந்த நிலையில் ஒரு நீர்மூழ்கி மற்றொன்றைத் திட்டமிட்டுத் தாக்கி அழித்ததாக வரலாற்றில் பதிவான நிகழ்ச்சி இது ஒன்றே. லாண்டர்ஸுக்கு ஏற்கெனவே அளிக்கப்பட்டிருந்த சிறப்புப் பணிப் பதக்கத்தோடு இரண்டாம் முறைக்கான பட்டையும் சேர்த்து வழங்கப்பட்டது. வெஞ்சரர் போருக்குப் பின் 1946-இல் நார்வேக் கடற்படைக்கே கைமாறி, உட்ஸ்டைன் என்னும் பெயரோடு 1960-களின் தொடக்கம் வரை பணியாற்றியது.

இவ்வாறு இறந்தவர்களைப் பற்றி வெற்றி பெற்றோரின் நூல்கள் அதிகம் பேசுவதில்லை. கணக்கின் நுட்பத்தைப் போற்றும் ஆர்வத்தில், போர் முடிய மூன்று மாதமே இருந்த வேளையில் 73 பேர் ஓர் அர்த்தமற்ற பயணத்தில் மாண்டதை அவை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அவர்கள் கொண்டு சென்றது உரிய இடத்தைச் சேர்ந்திருந்தால்கூட, ஜப்பானிடம் ஜெட் எஞ்சினைப் பெருமளவில் உற்பத்தி செய்வதற்கான உலோகமோ எரிபொருளோ காலமோ எஞ்சியிருக்கவில்லை. இதே நோக்கத்தோடு 1945 ஏப்ரலில் நார்வேயிலிருந்து புறப்பட்ட யூ-234, 560 கிலோ யுரேனியம் ஆக்சைடையும் பிரித்தெடுத்த ஜெட் விமானப் பாகங்களையும் சுமந்துகொண்டு அட்லாண்டிக் நடுவில் இருந்தபோதே ஜெர்மனி சரணடைந்தது. அக்கப்பல் அமெரிக்கரிடம் அடைக்கலம் புகுந்தது. அதிலிருந்த இரண்டு ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர்.

போருக்குப் பின் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் யூ-864 கிடந்த இடம் துல்லியமாகத் தெரியாமலே இருந்தது. 2003-ஆம் ஆண்டில் நார்வேக் கடற்படையின் டைர் என்னும் கப்பல் ஃபெட்யே தீவுக்கு மேற்கே ஏறத்தாழ இரண்டு கடல் மைல் தொலைவில் அதன் உடைந்த பகுதிகளைக் கண்டறிந்தது. சரிவான கடலடியில் முன்பகுதியும் பின்பகுதியும் தனித்தனியே கிடந்தன; குண்டு தாக்கிய நடுப்பகுதி சிதறிப்போயிருந்தது. அந்த நடுப்பகுதியின் ஏராவில் இருந்த குப்பிகள் சேற்றில் இறைந்தன. மற்றவை இன்னும் இரு பெருந்துண்டுகளின் அடியிலேயே இருப்பதாகக் கருதப்படுகிறது. மேலே எடுக்கப்பட்ட சில குப்பிகளில் உப்புநீர் அரித்ததால் எஃகுச் சுவர் மெலிந்து காணப்பட்டது. சுற்றியுள்ள சேற்றில் பாதரசத்தின் அளவு மிகுந்திருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பாதரசம் கசிந்து பரவுவதாக நார்வேயின் கடலோர நிர்வாகம் மதிப்பிட்டது. 67 டன்னோடு ஒப்பிட்டால் அது அற்பமான அளவுதான். ஆனால் பாதரசத்தின் கேடு அளவில் மட்டும் அடங்கியதன்று. கடலடி நுண்ணுயிர்கள் உலோகப் பாதரசத்தின் ஒரு பகுதியை மெத்தில் பாதரசமாக மாற்றக்கூடும். அது சிற்றுயிர்களிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், பெருமீனிலிருந்து மனிதருக்கும் ஏறும்தோறும் செறிவு கூடும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஒரு வேதித் தொழிற்சாலையின் கழிவால் நேர்ந்த நரம்பு நோயை உலகம் 1956-இல் அறிந்தது இவ்வழியில்தான். யூ-864-இன் சரக்கு சென்றுசேர வேண்டியிருந்த நாடும் ஜப்பானே.

கப்பல் கிடக்கும் இடத்தைச் சுற்றி மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டது. அங்குள்ள மீனையும் நண்டையும் ஆண்டுதோறும் சோதித்து வருகின்றனர்; கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் அப்பகுதி மீனை உண்ண வேண்டாம் என்ற அறிவுரையும் வெளியிடப்பட்டது. அடுத்து என்ன செய்வது என்பதில்தான் இருபது ஆண்டுகளாக முடிவு மாறி மாறி வருகிறது. கப்பலைத் தொடாமல் அதன் மேல் பல மீட்டர் தடிமனுக்கு மணலையும் கல்லையும் கொட்டி மூடிவிடலாம் என்று கடலோர நிர்வாகம் 2006-இல் பரிந்துரைத்தது. தூக்க முயன்றால் மெலிந்த குப்பிகள் உடைந்து, இப்போது அடங்கியிருக்கும் நஞ்சு ஒரே நாளில் பரவிவிடும் என்பது அதன் வாதம். ஃபெட்யே மக்கள் அதை ஏற்கவில்லை. மீனை நம்பி வாழும் சில நூறு பேரைக் கொண்ட அத்தீவினர், கப்பலை எடுத்தே தீரவேண்டும் என்று போராடினர். 2009-இல் அரசு அவர்கள் பக்கம் சாய்ந்து, தூக்குவதென அறிவித்தது. பின்னர் செலவும் அபாயமும் குறித்த ஐயங்களால் அம்முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. 2016-இல், முன்பகுதி கிடந்த சரிவு சரிந்துவிடாதிருக்கப் பெருமளவு மணலும் கல்லும் கொட்டி முட்டுக்கொடுக்கப்பட்டது. 2018-இல் மீண்டும் மூடும் முடிவுக்கே அரசு திரும்பியது. அதன் பின்னரும் எதிர்ப்பு அடங்காமல், நிபுணர் குழு ஒன்று அமைந்து கேள்வியைத் திரும்பவும் ஆராய்ந்தது.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு தமிழர் நன்கறிந்த கடலில் உண்டு. யூ-864-ஐப் போன்றே ‘ஒன்பது டி-இரண்டு’ பிரிவைச் சேர்ந்த, அதே தளத்தில் கட்டப்பட்ட யூ-859, பாதரசக் குப்பிகளைச் சுமந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியப் பெருங்கடலைக் கடந்து, 1944 செப்டம்பர் 23 அன்று பினாங்குத் துறைமுகத்தை எட்டும் தறுவாயில் டிரெஞ்சன்ட் என்னும் பிரிட்டிஷ் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. 47 பேர் மாண்டனர்; இருபது பேர் தப்பினர். அது ஆழம் குறைந்த இடமாதலால் 1972-இல் அதிலிருந்து ஏறத்தாழ 12 டன் பாதரசம் வெளியே எடுக்கப்பட்டுச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. அது யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு எழுந்தபோது, சரணடைந்ததனால் ஜெர்மன் அரசு இல்லாமற் போய்விடவில்லை, நேச நாடுகள் கைப்பற்றாத அதன் உடைமை அதனுடையதே என்று சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே பாதரசம் விலையுள்ள பண்டமாகப் பார்க்கப்பட்டு நீதிமன்றம் வரை சென்றது. இங்கே அதே பாதரசத்துக்கு உரிமை கொண்டாட யாரும் முன்வரவில்லை. அதன் செலவு மட்டும் அதற்குச் சிறிதும் தொடர்பற்ற நார்வே மக்களின் தலையில் விழுந்துள்ளது.

இந்த விவாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எனினும் எடை ஒரு பக்கம் சற்றுச் சாய்வதாகவே தோன்றுகிறது. எண்ணெய்க் கசிவு காலப்போக்கில் சிதைந்துவிடும். பாதரசம் தனிமம் ஆகையால் அது எத்தனை நூற்றாண்டு கடந்தாலும் பாதரசமாகவே இருக்கும். மணற்போர்வையைப் போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. அப்போர்வை நிலைத்திருக்கிறதா என்று காலமெல்லாம் கண்காணிக்க வேண்டும். கப்பல் முழுவதையும் தூக்குவது அபாயம் என்ற வல்லுநர் கருத்தை மறுக்க முடியாதுதான். ஆனால் ஏராவில் இன்னும் குப்பிகள் உள்ளனவா, இருந்தால் எத்தனை என்பதை ஆராய்ந்து, எடுக்க முடிந்தவற்றை எடுத்துவிட்டு, எஞ்சியதை மூடுவதே ஃபெட்யே தீவினருக்கு நார்வே அரசு செய்யக்கூடிய குறைந்தபட்ச நியாயம்.